பதினோரு மணி வகுப்பு

ஜூன் 3, செவ்வாய்

இந்த முறையும் என் பெயர் இல்லை. நடத்தைச் சீரமைப்புப் பயிற்சிக்கு எடுத்தவர்களின் பட்டியலைக் காலையில் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். மூன்றாவது தடவையாக இப்படி.

இந்த நோட்டைக் கேன்டீனில் வாங்கியதே இதையெல்லாம் எழுதி வைக்கத்தான். நாளைக்கு எவனாவது "நீ முயற்சியே பண்ணல" என்றால் முகத்தில் எறியலாம்.

விஷயம் சிக்கலானது இல்லை. எனக்குப் பத்து வருடத் தண்டனை. பாதியை நெருங்கிவிட்டேன். திறந்தவெளிச் சிறைக்குப் போனால் மதில் கிடையாது, தோட்ட வேலை, உழைக்கிற நாட்கள் தண்டனையில் கழியும். குடும்பம் வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழு டிசம்பரில் கூடுகிறது. அதன் முன்னால் போய் நிற்க இந்தப் பயிற்சியின் சான்றிதழ் வேண்டும். பயிற்சி நடப்பது காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் ஜெயில் முழுவதற்கும் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். கோவில்பட்டியில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன் என்று தெரிந்ததும் சமையல்கட்டில் போட்டார்கள். அதன்பிறகு அங்கிருந்து என்னை எடுக்கவில்லை.

அந்த வகுப்பில் கோபத்தை அடக்கக் கற்றுத்தருகிறார்களாம். எனக்குக் கோபம் கிடையாது. எனக்கு வேண்டியது சான்றிதழ்.

பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு வாளியை உதைத்தேன். அது வழியில் இருந்தது.

ஜூன் 4, புதன்

கத்தரிக்காய் சாம்பார். "மாஸ்டர் கையே கை" என்றார்கள். எரிச்சலாக இருந்தது.

ஜூன் 7, சனி

ஜெயக்கொடி மனுப் பார்க்க வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் போன். மகள் வெண்ணிலாவை மேஜைமேல் உட்கார வைத்திருந்தாள். அவள் பிறந்தது நான் உள்ளே வந்த பிறகு. அவளைப் பொறுத்தவரை நான் "போன் அப்பா".

"பள்ளிக்கூடத்துல அப்பா எங்கன்னு டீச்சர் கேட்டிருக்காக. போனுக்குள்ள இருக்காருன்னு சொல்லியிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்குதுக."

"டிசம்பருல திறந்தவெளிக்குப் போயிருவேன்."

"போன வருசமும் இதையேதான் சொன்னிய."

"சமையல்ல வேலை அதிகம்டி. கிச்சன் ஏட்டய்யாவே என்ன அனுப்பத்தான் பாக்குதாரு."

"அப்படியா?" என்றாள். ஜெயக்கொடிக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை குறைவு.

ஜூன் 9, திங்கள்

பயிற்சி நடத்தும் கிளாடிஸ் மேடம் இன்று சமையல்கட்டு ஜன்னலில் சுடுதண்ணீர் கேட்டு வந்தார். வெளியிலிருந்து வருகிற கவுன்சலர். துணிந்து கேட்டேன்.

"மேடம், எம்பேரு இசக்கிராஜ். எப்ப என்னை எடுப்பீங்க?"

அவர் விழித்தார். "நீங்கதானா அது? ரெண்டு தடவை உங்க பேரை நான்தான் எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு விருப்பம் இல்லைன்னு சொன்னதா பதில் வந்துச்சே."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஏதோ குழப்பம். ஆபீஸில் எழுதுகிறவன் மடையன்.

ஜூன் 10, செவ்வாய்

கிச்சன் ஏட்டய்யா துரைப்பாண்டியிடம் நேராகவே கேட்டேன். பேசின் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் பொரித்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உன்ன விட்டா எனக்கு ஆரு இருக்காலே? சோத்துல குறை வந்தா சூப்பிரண்டு எங்கழுத்தப் புடிப்பாரு."

"டிசம்பருல குழு கூடுது ஐயா."

"நான் குறுக்கயா நிக்கேன்? உன்ன மாதிரி ஒருத்தனைப் பழக்கிக் குடு. மறுநாளே நானே கையப் புடிச்சு வகுப்புல விட்டுட்டு வாரேன். போதுமா?"

நல்ல மனுஷர். ஜூலைக் கடைசியில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஒருத்தனைத் தயார் செய்ய வேண்டும். செய்வேன்.

ஜூன் 14, சனி

முதலில் ஒருத்தன். நிதி நிறுவனம் நடத்தி ஊரை ஏமாற்றியவன். மிளகாயை எண்ணிப் போட்டான். இரண்டாமவன் நீராவி பட்டதும் மயங்கி விழுந்தான். அவன் ஆறடி ஆள், மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். மூன்றாமவன் நன்றாக வெட்டினான், ஆனால் அவன் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்று உத்தரவு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் அதிகமாகக் கேட்டதாம். ஏட்டய்யா எட்டிப்பார்த்து "என்னலே கோபமா?" என்றார். இல்லை என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆள் கிடைத்துவிட்டான்.

சமையல்கட்டின் பின்னால் சாக்கடை தள்ளுகிறவன், பேச்சிமுத்து. ஆயுள் கைதி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன் என்றாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். இன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, மூணாவது அண்டால அடிப்பிடிக்குது" என்றான். போய்த் துடுப்பை விட்டுக் கிளறினேன். சரியாகச் சொல்லியிருந்தான்.

"எப்படிலே தெரிஞ்சது?"

"திருப்பூர்ல கல்யாணச் சமையல் செட்டுல இருந்தேன். ஆயிரம் எலைக்கு ஆக்குவோம்."

"அப்ப ஏன் சமையலுக்குக் கேக்கல?"

சிரித்தான். "வந்த அன்னைக்கே வெளக்குமாத்தக் குடுத்துட்டாக. நான் பேரச் சொன்னேன், ஊரச் சொன்னேன். மத்தத அவுகளே தெரிஞ்சிக்கிட்டாக."

அவனுக்கு டீ கொடுத்தேன். டம்ளர்களெல்லாம் கழுவாமல் கிடந்ததால் பேப்பர் கப்பில் கொடுத்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஏட்டய்யாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"சுத்தத்துல கிடக்கவனா? எந்தத் தெரு அவன்?"

நுழைவாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, இங்கே அனைவரும் சமம் என்று. அதன் கீழே நின்றுதான் எல்லாரும் தெருவை விசாரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டில், கல்யாண மண்டபத்தில் கேட்கிற அதே கேள்வி. ஜெயிலுக்குள்ளும் மாறவில்லை.

"எங்க ஊர்ப் பக்கம்தான் ஐயா. நம்ம ஆளுதான்" என்றேன். வாயில் அதுவாக வந்தது.

"அத முதல்லயே சொல்லப்பிடாதா? நாளைக்கே வரச் சொல்லு."

இதை எழுதும்போது யோசிக்கிறேன். பேச்சிமுத்துவிடம் சொல்ல வேண்டுமா? வேண்டாம். அவனுக்கும் நல்லதுதானே நடக்கிறது. வேலை மாறுகிறது, நாற்றம் இல்லை, வயிறாரச் சாப்பாடு. அவன் என்ன மறுக்கவா போகிறான்?

ஜூன் 25, புதன்

பேச்சிமுத்து வேகமாக வேலை செய்கிறான். அளவு கேட்பதில்லை, அண்டாவைப் பார்த்தே போடுகிறான். புளி மட்டும் அதிகம். சொன்னேன். "எங்க பக்கம் இப்படித்தான்" என்றான். "எந்தப் பக்கமா இருந்தாலும் இங்க குறைச்சுப் போடு" என்றேன்.

தட்டு வாங்க வருகிறவர்கள் அவனை "மாப்ளே, கொஞ்சம் காயப் போடு மாப்ளே" என்கிறார்கள். அவன் என்னிடம், "என்னண்ணே, திடீர்னு எல்லாரும் பொண்ணு குடுக்கப் போற மாதிரி கூப்பிடுதாக?" என்று கேட்டான். வெங்காயம் தீயுது பார் என்று பேச்சை மாற்றினேன்.

ஜூலை 2, புதன்

இன்று சாம்பார் முழுக்க அவன் வைத்தது. நான் கைகட்டி நின்றேன். ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய பிளாக்கில் இருக்கும் சண்முகவேல் அண்ணாச்சி, எதற்கும் முகம் சுளிக்கிறவர், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

ஏட்டய்யா என் தோளில் தட்டினார். "உம்பேரை அனுப்பிருதேன்லே."

ஜூலை 5, சனி

ஜெயக்கொடியிடம் சொன்னேன். இந்த முறை அவள் சிரித்தாள். யாரை வைத்து இது நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். என்ன சொல்லிச் சேர்த்தேன் என்பதையும் சொன்னேன்.

"அந்த மனுசனுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 7, திங்கள்

அவனுக்குத் தெரிந்துவிட்டது. சண்முகவேல் அண்ணாச்சி அவனிடம் குலதெய்வம் எது என்று விசாரித்திருக்கிறார். என் குலதெய்வத்தின் பேரைச் சொல்லி, "அதானே? இசக்கிராஜும் நீயும் ஒரே கோயில்தானே?" என்றிருக்கிறார்.

பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் என்னை மறித்தான்.

"என்னைக் கேட்டியா?"

அண்ணே இல்லை. கவனித்தேன்.

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கா? உனக்கு வகுப்புக்குப் போகணும். அதுக்கு ஒரு ஆளு வேணும். ஆளு சரியா இருக்கான், பொறப்பு மட்டும் சரியில்ல. அதனால என் அப்பன் ஆத்தாவையே மாத்திட்ட."

"கத்தாதே. கேட்டுறப் போறாங்க."

"கேட்டா என்ன? ஜெயிலுக்கா அனுப்பிருவாக?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான்.

"இன்னும் மூணு வாரம் சும்மா இரு பேச்சி. நான் வகுப்புல சேந்துக்கிடுதேன். அப்புறம் நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ."

"அப்ப நான் மூணு வாரத்துக்கு உங்க ஆளு. அதுக்கப்புறம் திரும்பவும் சாக்கடை. நல்லாருக்கு உன் கணக்கு."

மூட்டையை ஓங்கி ஒரு குத்து விட்டேன். பருப்பு சிதறியது. மூட்டை பழசு, அதனால் கிழிந்தது.

ஜூலை 9, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் வரிசை நின்றது. பேச்சிமுத்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். சண்முகவேல் அண்ணாச்சி தட்டை நீட்டி, "மாப்ள கைப்பக்குவம், எங்க ஆத்தா வச்ச மாதிரி" என்றார். பேச்சிமுத்து கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தான். கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அண்ணாச்சி, நான் உங்க மாப்ள இல்ல. நான் காலனி. மூணு வாரமா நீங்க சாப்புட்டது என் சமையல். நல்லாருக்குன்னு நீங்கதான் சொன்னிய. இப்பவும் அதே சாம்பார்தான். ஊத்தவா?"

முதலில் ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் பல தட்டுகள். சிலர் வெளியே போய் வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தார்கள். கொலை செய்தவன், பச்சைக் குழந்தையைக் கடத்தியவன், எல்லாரும் சுத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாதிப்பேர் வரிசையை விட்டு நகரவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு பையன், "அவுக வேண்டாம்னா எனக்கு ரெண்டு கரண்டி ஊத்துங்கண்ணே" என்றான்.

சண்முகவேல் அண்ணாச்சி என்னைப் பார்த்துத் துப்பினார். "உன் ஆளுன்னு சொன்னியே நாயே. உங்க ஆத்தாவக் கேளு, உண்மையச் சொல்லுவா."

கையில் துடுப்பு இருந்தது. இரும்புத் துடுப்பு, ஆள் உயரம். எப்போது தலைக்குமேல் தூக்கினேன் என்று தெரியாது. அண்ணாச்சியின் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. ஏட்டய்யா வாசலில் நின்றார். அவர் தடுக்க வரவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பேச்சிமுத்து என் முழங்கையைப் பிடித்தான்.

"போடு கீழ. நீ அடிக்கணும்னுதான் ஏட்டய்யா நிக்காரு. அடிச்சா காலம்பூரா அவருக்குச் சோறு வடிக்கலாம்."

கீழே போட்டேன். கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. நகம் போய்விட்டது.

எனக்குக் கோபம் கிடையாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. மையில் எழுதியது இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

ஜெயிலர் ஐயா இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "அமைதியா இருந்த இடத்துல கலகம் பண்ணிட்டீங்க. ரெண்டு பேரும் சுத்தத்துக்குப் போங்க."

தட்டைப் போட்டவர்களுக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார். மாலையில் அவர்களுக்குத் தனியாக உப்புமா.

ஜூலை 11, வெள்ளி

கழிவறை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சுத்தம் செய்கிற வேலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. விடிந்ததும் தொடங்குகிறோம், வெயில் ஏறுமுன் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு எங்களை யாரும் தேடுவதில்லை. பக்கத்தில் வராதே என்பதுதான் எங்களுக்கு உள்ள ஒரே உத்தரவு. இன்று குளித்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருந்தபோது வகுப்பு மணி அடித்தது.

பேச்சிமுத்துவைப் பார்த்தேன். "இத்தன வருசமா இந்த நேரத்துல சும்மாதான் இருந்தியா?"

"சும்மாதான்."

"உனக்கும் சான்றிதழ் வேணுமே. ஆயுள் கைதிக்கு அது இல்லாம எப்படி?"

"ஆரு கூப்பிட்டா?" என்றான். "ஒருதடவை வாசல் வரைக்கும் போனேன். நாத்தம் அடிக்குது, தள்ளிப் போன்னாரு உன் ஏட்டய்யா."

அப்போதுதான் விளங்கியது. விருப்பம் இல்லை என்று என் பேரில் பதில் அனுப்பியது ஆபீஸ் மடையன் இல்லை. எனக்குச் சமையல் தெரியும் என்பதால் விடவில்லை. இவனுடைய தெரு தெரிந்ததால் விடவில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள். நான் அவருக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் குத்தலாமென்று தோன்றியது. குத்தவில்லை. கால் விரல் வேறு வலித்தது.

"மன்னிச்சிரு" என்றேன்.

"அத அப்புறம் பாப்போம். ஜெயிலருகிட்ட மொதல்ல போவோம்" என்றான் பேச்சிமுத்து.

ஜூலை 17, வியாழன்

ஜெயிலர் சொன்னது: "தண்டனையா வேலை மாத்தினவங்களுக்கு ஒரு வருசம் பயிற்சி கிடையாது."

நான் வாயைத் திறக்குமுன் பேச்சிமுத்து கேட்டான். "எதுக்குத் தண்டனைன்னு எழுதியிருக்கீங்க ஐயா?"

அவர் பைலை மூடினார்.

"சாதியச் சொன்னதுக்குன்னா, அப்படியே எழுதுங்க. சாதி பாத்து வேலை குடுக்கக் கூடாதுன்னு பெரிய கோர்ட்டே சொல்லிருச்சு. பேப்பர்ல படிச்சோம். ஜட்ஜம்மா மாசக் கடைசில பார்வைக்கு வருவாக. அவுககிட்ட அதக் காட்டுதோம்."

"எழுதலைன்னா?" என்றார் ஜெயிலர்.

"எழுதலைன்னா தண்டனையே இல்ல. வெறும் வேலை மாத்தம்" என்றேன் நான். "அப்ப வகுப்புக்கு விடுங்க."

வெளியே போகச் சொன்னார். கத்தவில்லை. அதுவே நல்ல குறி.

ஜூலை 21, திங்கள்

ஏட்டய்யா குழாயடிக்கே வந்தார். சமையல்கட்டில் இப்போது இருப்பவன் வைப்பது சாம்பார் இல்லையாம், மஞ்சள் தண்ணீராம். சண்முகவேல் அண்ணாச்சியே மனு கொடுத்திருக்கிறாராம். நான் மட்டும் திரும்ப வர வேண்டுமாம்.

"தினம் ரெண்டு முட்ட தாரேன்லே. ஞாயித்துக்கிழம ஈரல்."

"ரெண்டு பேரும் வாரோம். பதினோரு மணிக்கு ரெண்டு பேரையும் வகுப்புக்கு விடணும். அந்த நேரத்துக்கு வேற ரெண்டு பேரைப் பழக்குதோம்."

"அவனை எப்படிலே மறுபடியும்..."

"அப்ப மஞ்சத்தண்ணி குடிங்க ஐயா."

ஜூலை 25, வெள்ளி

ஜெயிலர் கூப்பிட்டு விட்டார். சிரித்த முகம்.

"ரெண்டு பேரும் தகுதிதான். ஆனா ஒரு இடம்தான் இருக்கு. அங்க இருக்கிறதே பதினெட்டு நாற்காலி. பதினேழு பேரு சேந்தாச்சு. உங்களுக்குள்ள பேசி ஒருத்தர் பேரச் சொல்லுங்க."

வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்தோம். வெண்ணிலாவை நினைத்தேன். அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். மகன் ஒருத்தன், மேட்டூரில் லாரி கிளீனர். மனுப் பார்க்க வந்து நாலு வருடமாகிறது.

"நீ போ" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அவனும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

கடைசியில் அவன்தான் சொன்னான். "நாற்காலிதானே இல்ல? மேடத்துக்கிட்ட கேப்போம். ரெண்டு பேரும் போவோம்."

ஜூலை 28, திங்கள்

போனோம். வாசலில் நின்ற காவலர் தடுத்தார். கிளாடிஸ் மேடம் வாசலுக்கு வந்தார். சொன்னோம்.

"நாற்காலியை வச்சா ஆளு எடுக்கிறாங்க?" என்று காவலரைப் பார்த்துக் கேட்டார். அவர் மேலே கை காட்டினார். மேடம் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதன்மேல் புத்தகக் கட்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. எல்லாரும் ஓர் அளவுக்குத்தான் இறங்கி வருவார்கள். "ஒருத்தர் தரையில உக்காரணும். பரவாயில்லைன்னா ரெண்டு பேரையும் நான் எழுதிக்கிறேன். மேல நான் பேசிக்கிறேன்."

அறையே பேச்சிமுத்துவைப் பார்த்தது. தரை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்கள். நானும் அவன் உட்காருவதற்காகத்தான் காத்து நின்றிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை, அவன் என்னைத் திரும்பிப் பார்க்கும்வரை.

"நான் தரையில உக்கார மாட்டேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். நடந்து போய்க் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது. என் பெயரை வெட்டிவிட்டுப் போக ஒரு நிமிடம் ஆகாது.

மேடம் ஒன்றும் நடக்காதது போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "முதல் கேள்வி. கோபம் வந்தா அது உடம்புல முதல்ல எங்க தெரியுது? யாராவது சொல்லுங்க."

பதினெட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கோபமே வராது என்று சொன்னால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று பிளாக்கில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பேச்சிமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன்.

"தாடையில மேடம்" என்றேன். "இப்பவே இருக்கு."